ஆறாம் வாசல் ஓலை

எட்டு ஊர்களுக்கும் பொதுவாக ஒரே ஓர் ஓலைச்சாவடி வைத்திருந்த நாடு அது. எந்த ஊர் ஓலையும் அதற்குள் நுழைந்துதான் இன்னோர் ஊருக்குப் போகவேண்டும். ஊருக்கு ஒன்றாக எட்டு வாசல். நடுவில் உட்கார்ந்திருந்த கோமேதகம் விலாசத்தைப் பார்ப்பாள், உரிய வாசலில் போடுவாள். முந்தி வந்தது முந்திப் போகும். சும்மா சொல்லக்கூடாது, இருபது வருஷத்தில் ஓர் ஓலை வழி தவறியதில்லை.

அமைச்சர் சர்வசித்தருக்கு அது பொறுக்கவில்லை. “மன்னரைப் புகழும் ஓலையும் மாட்டுக்கு வைத்தியம் கேட்கும் ஓலையும் ஒரே வரிசையிலா? என்ன அநியாயம்!” என்றார். புகழோலைகளே முதலில் போகவேண்டும் என்று ஆணை வந்தது. அவ்வளவுதான், நாடே மன்னரைப் புகழ ஆரம்பித்தது. வைத்திய ஓலைகள் காத்துக் கிடந்தன. மாடுகள் காத்திருக்கவில்லை.

அடுத்த ஆணை அதைவிட மோசம். ஆறாம் வாசல் ஏரியூர் வாசல். அதில் எப்போதும் ‘கரையில் விரிசல்’ என்ற புலம்பல்தான் வரும். மன்னருக்கோ மனக்கஷ்டம். ஆகவே ஆறாம் வாசலில் எது வந்தாலும், யார் எழுதினாலும், சாக்கில் போடவேண்டியது. மேற்பார்வைக்கு அமைச்சரே சாவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கோமேதகத்துக்கு அந்த ஆணை பிடிக்கவில்லை. அவள் மகள் அஞ்சுகம் கைக்குழந்தையோடு இருப்பது ஏரிக்குக் கீழே, பள்ளத்தூரில்.

ஐப்பசி மழையில் மன்னர் ஏரிக்குப் படகுவிடப் போனார். மறுநாள் காலை ஆறாம் வாசலில் ஓர் ஓலை வந்து விழுந்தது. அரச முத்திரை! மேலேயே கொட்டை எழுத்தில்: ‘பள்ளத்தூருக்கு. கரை உடைகிறது. ஊரைக் காலி செய்யுங்கள்.’

“ஐயோ சாமி! மகாராசாவே எழுதியிருக்காருங்க. உடனே அனுப்பணும்!”

சர்வசித்தர் வாசலைத்தான் பார்த்தார். “ஆறு. சாக்கில் போடு.”

“அந்த ஆணையைப் போட்டதே அவருதானுங்களே?”

“அதை நீக்கச் சொல்லி மன்னர் ஓலை அனுப்பட்டும். நீக்குகிறோம்.”

“அவரு இருக்கறதே ஏரியில! அந்த ஓலையும் ஆறாம் வாசல்லதானே வரும்?”

“அப்படியானால் அதுவும் சாக்கில்தான்,” என்றார் அமைச்சர், வெகு நிதானமாக.

பாவி மனுஷன்! அவள் ஓலை சுமக்கும் ஓட்டக்காரர்களைத் தேடினாள். அத்தனை பேரும் மன்னரின் பிறந்தநாள் புகழோலைகளைச் சுமந்து போயிருந்தார்கள். ஓலையை மடியில் செருகிக்கொண்டு அவளே ஓடினாள்.

பாதி வழியில் தண்ணீர் எதிரே வந்தது. பள்ளத்தூரில் அவள் கைக்குக் கிடைத்தது புளியங்கிளையில் உயரக் கட்டிய தூளியும் அதில் வீறிட்ட குழந்தையும்தான். தூளியைக் கட்டியவள் கிடைக்கவில்லை.

மறுநாள் சபை கூடியது. படகில் தப்பி வந்த மன்னர் தும்மிக்கொண்டே வீற்றிருந்தார்.

“பிரபு, வெள்ளம் வந்ததாக ஓர் ஓலைகூட வரவில்லை. ஆகவே வெள்ளம் வரவில்லை,” என்று சர்வசித்தர் வாசித்தார்.

“நானே எழுதி அனுப்பினேனே?”

“வந்து சேரவில்லை, பிரபு. ஆகவே தாங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள்.”

மன்னர் இன்னொரு முறை தும்மினார். யோசித்தார். “அப்படித்தான் இருக்கும்,” என்றார்.

சபையே தலையாட்டியது. கோமேதகம் இடுப்பில் குழந்தையோடு முன்னே போய், மடியிலிருந்த முத்திரை ஓலையை எடுத்து மன்னரிடம் நீட்டினாள்.

மன்னர் கையை நீட்டவில்லை.

“எந்த வாசலில் வந்தது?” என்று கேட்டார்.