ஒன்பதாவது காசு

அன்று அங்கே இருந்தவர்கள். வீட்டுக்காரி பழனியம்மா. அவளுடைய பெண்கள் இரண்டு பேர். பூசை வைக்க வந்த பூசாரி. வாசக்கால் செய்த ஆசாரி. கலவை கலக்கும் சித்தாள் மாரியாயி. கொத்தனார் நான். கடைசியாக, பழனியம்மாவின் அண்ணன் லென்ஸ்.

ஏழு பேர் வாசக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். லென்ஸ் காசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காசைச் செலவு செய்கிறவர்கள் உண்டு. சேர்க்கிறவர்கள் உண்டு. இந்தப் பூமியில் காசைப் படிக்கிற ஆள் இவர் ஒருவர்தான். பேப்பர் படிக்க மாட்டார். கரண்ட் பில் படிக்க மாட்டார். ஒரு ரூபாய்க் காசைக் கையில் கொடுத்தால் அரை மணி நேரம் படிப்பார்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ரேசன் கார்டில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் லென்ஸ். கடிகாரக் கடைக்காரர்கள் கண்ணில் செருகுவார்களே, அந்தக் குப்பியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். மற்றவர்கள் தாயத்து கட்டுகிற இடத்தில்.

திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டில் ஒரு எடைமேடை. அங்கேதான் வேலை. போர் போடுகிற ரிக்கு வண்டி, கம்பி லோடு, கோழித்தீவன லாரி எல்லாம் ஏறி இறங்கும். லாரி இல்லாத நேரத்தில் பாக்கெட்டைப் பிரிப்பார். பாக்கெட்டு என்றால் வங்கியில் தருகிற சில்லறைப் பாக்கெட்டு. நூறு காசு ஒரு பாக்கெட்டு. அதைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் திருப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்து, தேறினதை பூஸ்ட் டப்பாவில் போடுவார். தேறாததை ஊரில் போடுவார்.

எதைத் தேடுகிறார் என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வருசத்துக்குக் கீழ பாருங்க கொத்தனாரே. நச்சத்திரம் இருந்தா ஐதராபாத்துல அடிச்சது. புள்ளி இருந்தா நொய்டா. வைரக்கட்டம் இருந்தா பம்பாய். ஒன்னுமே இல்லீனா கல்கத்தா."

"ஒன்னுமே இல்லாததையா தேடறீங்க?"

"ஒன்னுமே இல்லாததுலயும் அச்சுப் பிசகுனது ஒன்னு இருக்குமுங்க. ஒரு லச்சத்துல ஒன்னு. அது கெடைச்சா அதுவே லச்சம்."

பதினோரு வருசமாக அவருக்கு அது கிடைக்கவில்லை. வங்கிக்கும் நிம்மதி கிடைக்கவில்லை.

முதலில் வங்கிக்காரர்களுக்கு அவர் தெய்வம். எங்கள் பக்கம் பத்து ரூபாய்க் காசு செல்லாது. அரசாங்கம் செல்லும் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் பக்கம் அரசாங்கத்தைவிட மளிகைக் கடைக்காரர் பெரியவர். அதனால் வங்கியில் பத்து ரூபாய்க் காசு மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்தது. லென்ஸ் போய், "எனக்குக் குடுங்க" என்றார். கேசியர் அம்மா டீ வாங்கிக் கொடுத்து மொபெட் வரைக்கும் தூக்கிவந்து வைத்தாராம். பதினைந்தாம் நாள் அதே மூட்டை திரும்பி வந்தது. கேசியர் அம்மா முடிச்சைப் பார்த்தார்.

"ஏங்க, இது நான் போட்ட முடிச்சுங்க."

"ஆமாமுங்க. உள்ள இருக்கறத எல்லாம் பாத்தாச்சு. வேற குடுங்க."

அதற்குப் பிறகு லென்ஸ் தலை வாசலில் தெரிந்தால் கேசியர் அம்மாவின் தலை கவுண்டருக்குக் கீழே போய்விடும்.

வாங்கிய மூட்டையை லாரி ஏறுகிற எடைமேடையில் மொபெட்டோடு ஏற்றி எடை பார்ப்பார். அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். ஆள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்த்து ஒரு எண் வரும். அதையும் சீட்டு அடித்து வைத்துக்கொள்வார். முதலாளி பார்த்துவிட்டு, "இது என்ன லோடுடா?" என்று கேட்டிருக்கிறார். "கிறுக்கு லோடுங்க" என்றானாம் பக்கத்தில் நின்ற டிரைவர்.

டீக்கு ஒரு ரூபாய்களாக எண்ணி வைப்பார். மாஸ்டர் அதைத் தனி டப்பாவில் போட்டு வைத்தார். அடுத்த வாரம் லென்ஸ், "அந்த டப்பாவ ஒருக்கா குடுங்க, பாத்துட்டுத் தாரேன்" என்று வாங்கி, தான் கொடுத்த காசையே லென்ஸ் வைத்துப் பார்த்தார். நடுவில் ஒன்றை எடுத்து, "இத எங்கியோ பாத்திருக்கேனுங்க" என்றார்.

மொய் வைத்தாலும் காசு. ஐநூற்றி ஒன்று. ஒரு கல்யாணத்தில் மொய் எழுதுகிறவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "மாப்பள தாலி கட்டற நேரம் ஆச்சுங்க. நீங்க எண்ணிச் சொல்லுங்க, நான் சாப்புட்டு வாரேன்" என்று பந்திக்குப் போய்விட்டார்.

அம்மன் படம் போட்ட அஞ்சு ரூபாய்க் காசுக்குப் பத்து லட்சம் தருவதாகச் செல்போனில் ஒரு வீடியோ வந்தது. லென்ஸிடம் அந்தக் காசு இருந்தது. நாலு இருந்தது. நம்பருக்குப் போன் போட்டார். பதிவுக் கட்டணமாக ஆயிரம் ரூபாய் கட்டு என்றார்கள். "கட்டறனுங்க. எல்லாம் ரெண்டு ரூவாக் காசா இருக்குது, எங்க கொண்டாந்து கொட்டட்டும்?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டார்கள். திருட்டுப் பயல்கள்கூட அவரிடம் சில்லறை வாங்கவில்லை. சில்லறை அவரைக் காப்பாற்றியது அந்த ஒரு நாள்தான்.

இப்போது வாசக்காலுக்கு வருகிறேன்.

பழனியம்மா தறி ஓட்டுகிறவள். புருசன் ரிக்கு வண்டியில் வடக்கே போனால் எட்டு மாசம் கழித்துத்தான் வருவார். பள்ளிபாளையம் போகிற ரோட்டில் ஒன்றரை சென்ட் இடம் வாங்கி இரண்டு ரூம் போட்டாள். குடியிருந்த லைன் வீட்டைத் தீபாவளிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் கூரை ஏறியாக வேண்டும். அதுதான் அவளுக்குக் கணக்கு.

வாசக்கால் நிறுத்துமுன் அடியில் ஒன்பது தானியமும் ஒன்பது காசும் போடுவது எங்கள் வழக்கம். பிறந்த வீட்டுக் கை போட வேண்டும். அப்பா இல்லை. அதனால் அண்ணன் கை.

திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகுகாலம். ஏழு மணிக்கு லென்ஸ் குழிக்கு முன்னால் குத்தவைத்து, புதுப் பாக்கெட்டு ஒன்றைப் பிரித்தார். பார்க்காத பாக்கெட்டு.

"அண்ணா, சும்மா போடுங்ணா" என்றாள் பழனியம்மா.

"பாக்காம எப்படி அம்முணி போடறது? மண்ணுக்குள்ள போயிருச்சுன்னா போச்சில்ல?"

ஒரு காசைப் பார்த்தார். போட்டார். அடுத்ததைப் பார்த்தார். போட்டார். நானும் ஆசாரியும் வாசக்காலைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறோம். வேப்ப மரம். கனம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"ஏனுங்க, நேரம் ஓடுது" என்றார் பூசாரி.

"ஆறு முடிஞ்சுதுங்க."

"அண்ணா, எனக்குத் தோள் முடிஞ்சுது" என்றார் ஆசாரி.

எட்டாவது காசில் ஏதோ கீறல் இருந்தது. அதை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்பதாவது இடது உள்ளங்கையில் இருந்தது. மணி ஏழு இருபத்தெட்டு. நான் ஒரு கையால் வாசக்காலைத் தாங்கிக்கொண்டு மறு கையால் அவர் இடது கையைப் பிடித்து உலுக்கினேன். விழுந்தது. எட்டாவதையும் பயத்தில் போட்டுவிட்டார். மாரியாயி கலவையைக் கொட்டினாள். நிறுத்தினோம். பூசாரி கற்பூரம் காட்டினார்.

எல்லாரும் கும்பிட்டோம். லென்ஸ் மட்டும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொத்தனாரே, அந்த ஒன்பதாவது காச நான் பாக்கலீங்க."

அன்றிலிருந்து பிடித்தது சனியன். தினமும் சாயங்காலம் மொபெட்டில் வந்து வாசக்காலுக்கு முன்னால் உட்காருவார். உள்ளே போக மாட்டார். வெளியேயும் போக மாட்டார்.

"அது இடது பக்கமா உழுந்துச்சுங்களா, வலது பக்கமா?"

"கீழ உழுந்துச்சுங்க."

"ஒரே ஒரு செங்கல்ல மட்டும் உருவிப் பாக்கலாமுங்களா?"

"பாக்கலாம். மேல நிக்கற செவுரு நம்மளப் பாக்கும்."

பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தம் கழற்றி வந்து தரையில் ஒட்டிப் பார்த்தார். ஒட்டியது. முகம் மலர்ந்தது. அடியில் நான் போட்ட கம்பி இருக்கிறது என்றேன். வாடியது. கதவு அளவெடுக்க வந்த ஆசாரி கேட்டார்.

"என்னுங்க, காசு முட்டை போட்டிருக்குதுங்களா? அடைகாக்கறீங்க?"

இப்படியே போயிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். சுவர் முழு மட்டத்துக்கு ஏறி நின்ற நேரம், வடக்கே மழை பிடித்துக்கொண்டது. ரிக்கு வண்டி நின்றுபோனது. பழனியம்மாவின் புருசனிடமிருந்து பணம் வரவில்லை. கூரைக்குக் கம்பி இல்லை, சிமெண்டு இல்லை. எங்கள் பக்கமும் மேகம் கட்ட ஆரம்பித்தது. பழனியம்மா யார் யாரையோ கேட்டாள். எல்லாரும் தீபாவளி முடியட்டும் என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து லென்ஸ் வாயைத் திறந்தார்.

"அம்முணி, அந்த ஒன்பதாவது காசுல கூரையே இருக்கலாம்."

"நெசமாலுமே லச்ச ரூவா வருமுங்களா அண்ணா?"

"வரலாம்."

"வராட்டி?"

"வராட்டியும் பாத்தாப்புல ஆச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு மட்டப்பலகையாலேயே போட்டிருப்பேன். தங்கச்சி தலைக்கு மேல் வானம். இவருக்கு, பாத்தாப்புல ஆச்சு. மாரியாயிதான், "உடுங்க, புத்தி கல்கத்தாவுல அடிச்சது, ஒன்னுமே இல்ல" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் பழனியம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"கடப்பாரைய எடுத்தாங்க கொத்தனாரே."

"வெச்ச வாசக்கால அசைக்கக் கூடாதும்மா. செவுரும் உட்டுப்போகும்."

"கூரை இல்லாத ஊட்டுக்கு வாசக்கால் எதுக்குங்க? எடுத்தாங்க."

லென்ஸுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். மொபெட்டில் பறந்து வந்தார். வண்டியை ஸ்டாண்டு போடக்கூட இல்லை. கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டார். இன்னும் ஒரு செங்கல்கூட எடுக்கவில்லை.

நான் கடப்பாரையைத் தூக்கினேன். "இருங்க" என்றாள் பழனியம்மா. ஒரு ஈரத் துணி கொண்டுவந்தாள். வாசப்படிக் கட்டையில் தினமும் அவள் பூசி வந்த மஞ்சள். மேலே குங்குமம். குத்தவைத்து உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள்.

"பொட்டோட இருக்கறதை இடிக்கக் கூடாதுங்க. அழிச்சுப்போட்டு இடிக்கலாம்."

பெண்கள் இரண்டும் மணல் குவியலில் நின்று பார்த்தன. துணி மஞ்சளாகியது. கடைசிப் பொட்டுக்குக் கை போனது.

"நிறுத்து அம்முணி" என்றார் லென்ஸ்.

லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

"அது சாதாக் காசுதான். நான் பாத்துப்போட்டுத்தான் போட்டேன். ஐதராபாத்து நச்சத்திரம். கோடி கெடக்குது. ஒன்னும் பெறாது."

"அப்ப இத்தன நாளா ஏனுங்ணா உசுர எடுத்தீங்க?"

"சும்மாங்காட்டி."

பழனியம்மா துணியை அவர்மேல் விட்டெறிந்தாள். ஊரில் இல்லாத வார்த்தை எல்லாம் சொன்னாள். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். நான் கடப்பாரையைக் கீழே வைத்தேன். அந்தக் கையைப் பிடித்து உலுக்கியவன் நான். அவர் அந்தக் காசைப் பார்க்கவில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் பூஸ்ட் டப்பாக்கள் மொபெட்டில் ஏறின. பதினோரு வருசத்தில் தேறினது அத்தனையும். முதலில் சேலத்தில் பழைய காசு வாங்குகிறவரிடம் போனார். அவர் ஒரு மணி நேரம் கிளறிவிட்டு மூன்றை எடுத்துக்கொண்டு இருநூறு ரூபாய் கொடுத்தார். டீயும் வாங்கிக் கொடுத்தாராம். மீதியை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். கேசியர் அம்மா வழக்கம்போலக் கீழே போனார். லென்ஸ் கவுண்டர் மேல் எட்டிச் சொன்னார்.

"வேற காசு வேண்டாமுங்க. நோட்டாக் குடுங்க. இனி உங்க வங்கிப் பக்கம் சில்லறைக்கு வர மாட்டேன். சத்தியமுங்க."

மேனேஜரே எழுந்து வந்து கை கொடுத்தாராம். காசு எண்ணுகிற மிசின் சூடாகி இரண்டு தரம் நின்றதாம். டீ இரண்டு தரம் வந்ததாம்.

அந்தப் பணம் சிமெண்டுக்குச் சரியாக இருந்தது. கம்பிக்குப் போதவில்லை. பழனியம்மாவின் புருசன் தன் முதலாளியிடம் முன்பணம் கேட்டு வாங்கி அனுப்பினார். தீபாவளிக்கு முந்தின வாரம் கான்கிரீட் போட்டோம். இரண்டாம் நாளே மழை. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. என் வேலை அது, சொல்லிக்கொள்கிறேன்.

கான்கிரீட் அன்று எல்லாருக்கும் லென்ஸ்தான் டீ வாங்கி வந்தார். மீதிச் சில்லறையைப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டார். மாரியாயி சட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"பாக்காம போடுறாருங்க. காய்ச்சலா இருக்குமோ?"

இன்றைக்கும் எடைமேடையில்தான் இருக்கிறார். கழுத்தில் கயிறு இல்லை. லென்ஸ் இப்போது பழனியம்மாவின் சின்னவளிடம் இருக்கிறது. எறும்பு பார்க்கிறாள். லாரி இல்லாத நேரத்தில் இவர் சும்மா உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறார். அந்தப் பக்கம் போகும்போது எனக்கு அது நன்றாக இல்லை.

வங்கியில் வாங்க மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தார். நான் வங்கி இல்லை. டீக்கடையில், பஸ்ஸில், சிமெண்டுக் கடையில் மீதி வாங்கும்போது திருப்பிப் பார்க்கிறேன். நட்சத்திரமும் புள்ளியும் என் கண்ணுக்குத் தெரியாது. அச்சு கொஞ்சம் கோணலாகத் தெரிந்தால் தனியாக எடுத்து, மட்டக்குண்டு வைக்கிற பையில் போட்டு வைக்கிறேன். எப்படிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. இன்று காலையில் எண்ணினேன்.

பதினேழு.