காருக்கு அடியில் ஒரு சிவப்பு

"காகிதத்துல இன்ஜினியர் ஆயிட்ட, சரி. நாளைக்கு ஒரு வண்டி மக்கர் பண்ணுச்சுன்னா, என்னன்னு பாத்துச் சொல்லிருவியாட்டி?"

நான் பட்டம் வாங்கி வந்த அன்று, லட்டை மென்றுகொண்டே பெரியப்பா கேட்ட கேள்வி இது. தாராவியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். தராசில் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதிலும் மெக்கானிக்கல் இன்ஜினியர். விடுவேனா? "வண்டி என்ன பெரியப்பா, ராக்கெட்டையே பாத்துச் சொல்லுவேன்" என்றேன். (அதுவரை நான் கழற்றிப் பார்த்த ஒரே இயந்திரம் எங்கள் வீட்டு மிக்ஸி. அது பிறகு ஓடவே இல்லை.)

வேலை கிடைத்தது. ஏசி அறையில் உட்கார்ந்து கணினியில் பம்ப் வரைகிற வேலை. நிஜ பம்பைத் தொட்டது கிடையாது. ஆனால் அந்தச் சம்பளத்தில் ஒரு கார் வாங்கினேன். எங்கள் சந்துக்குள் அது நுழையாததால் மெயின் ரோட்டு ஓரமாக நிற்கும். அதன் சாவி என் கைப்பையில் இருப்பது எனக்குப் பட்டமளிப்பு விழாவைவிடப் பெரிய விஷயம். பெரியப்பாவுக்கோ அது கண்ணில் விழுந்த தூசி.

சென்ற வருடம், பெரியப்பா மகனின் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு, காரை செம்பூரில் இருந்த ஷோரூமில் சர்வீஸுக்கு விட்டு எடுத்து வந்தேன். பழைய கூலன்டை மாற்றிப் புதிது ஊற்றியிருப்பதாகச் சொன்னார்கள். இன்ஜின் கொதித்துவிடாமல் உள்ளே சுற்றிவரும் திரவம் அது. எங்கள் காரில் நல்ல சிவப்பு நிறம்.

மறுநாள் காலை காரின் மூக்குக்குக் கீழே தரையில் சிவப்பாகத் தேங்கியிருந்தது.

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என்னவென்று சொல்வது? இப்படி ஒரு தருணத்துக்காகத்தானே நான்கு வருடம் படித்தேன். டீக்கடையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, கூலன்ட் கசிவு என்றால் என்ன, அதன் விளைவுகள் யாவை என்று ஒரு வகுப்பே எடுத்துவிட்டேன். அந்தச் சிவப்பில் கொஞ்சத்தை ஒரு பாட்டிலில் பிடித்தேன். அதில் பச்சையாக ஒரு துணுக்கு மிதந்தது. ரேடியேட்டர் உள்ளே அரித்து உதிர்கிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்தேன்.

அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். காத்திருந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் பெரியப்பாவைச் சாட்சிக்கு ஏற்றிக்கொண்டு செம்பூருக்குப் பறந்தேன்.

சர்வீஸ் சென்டரில் பத்துப் பேர் காதுபட ஆங்கிலத்தில் கத்திவிட்டுப் பாட்டிலை மேஜைமேல் வைத்தேன். அங்கிருந்த ஆள் மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டார். ஓரங்களில் மஞ்சள் பரவியது. பச்சைத் துணுக்கைப் பேனா முனையால் எடுத்துப் பார்த்தார்.

"மேடம், யே தோ ஹல்தி ஹை" என்றார். "அவுர் யே பான் கா பத்தா."

மஞ்சள், வெற்றிலை. ஆரத்தி.

கார் யார் கைபட்டு வந்தாலும் அம்மா திருஷ்டி கழிப்பாள். நான் கேலி செய்வேன் என்று, எனக்குத் தெரியாமல் விடியற்காலையில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சுற்றி, காருக்கு முன்னால் ஊற்றியிருக்கிறாள். அந்த ஆள் பானெட்டைக்கூடத் திறக்காமல் எங்களை அனுப்பிவைத்தார். திரும்பி வரும்போது பெரியப்பா துண்டால் வாயைப் பொத்தியபடியே வந்தார். சயான் தாண்டியதும் சிரிக்க ஆரம்பித்தவர் வீடு வந்த பிறகும் நிறுத்தவில்லை.

அன்று மாலை அப்பாவிடம் சொல்லிவிட்டார்: "சாவிய அவகிட்ட இருந்து வாங்குடே. நம்ம கடை டிரைவர் ஓட்டட்டும். ஆரத்திக்கும் ஆயிலுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ள."

(ஆயில் இல்லை, கூலன்ட் என்று திருத்தும் நிலையில் நான் இல்லை.) நிச்சயதார்த்தத்துக்கு மட்டும் நான் ஓட்டுகிறேன், அதில் ஒரு குறை வந்தால் சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அப்பா தலையாட்டினார்.

நிச்சயத்தன்று காலையிலும் காருக்கு அடியில் சிவப்பு. கார் மறுபடி செம்பூர் போய் வந்ததே, அம்மா மறுபடி சுற்றியிருப்பாள். இம்முறை நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அனுபவம் வந்துவிட்டதல்லவா.

பெண் வீடு அணுசக்தி நகரில். சொந்தங்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். என் காரில் அம்மா, அப்பா, மடியில் தாம்பூலத் தட்டோடு பெரியப்பா. ராகுகாலத்துக்கு முன் போய்ச் சேரவேண்டும். சயான் நெரிசலில் ஊர்ந்து செம்பூரை நெருங்கும்போது, கண்ணெதிரே, இன்ஜின் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஓரம் கட்டினேன்.

பெரியப்பா இறங்கி, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார்.

"தொறக்காதிய பெரியப்பா, முகம் வெந்துரும்" என்று கத்தினேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவர் பின்வாங்கினார்.

இன்ஜின் ஆறியதும் பட்டுப்புடவையோடு காருக்கு அடியில் படுத்தேன். கீழ்க் குழாய் ஓரத்தில் ஒரு சிவப்புச் சொட்டு தொங்கியது. கூலன்டா, அம்மாவா? காலையில் ஊற்றியது தெறித்து ஒட்டியிருக்கவும் கூடும். நேற்றைய பாட்டில் கண்முன் வந்தது. மறுபடி தவறாகச் சொன்னால் சாவி போயிற்று. அப்போதுதான் பள்ளிக்கூட வேதியியல் கைகொடுத்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்பில் புளிப்பு பட்டால் மஞ்சளாகிவிடும். சொட்டைக் கைக்குட்டையில் ஒற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

"பெரியப்பா, தட்டுல இருந்து ஒரு எலுமிச்சம்பழம் கொடுங்க."

"ஏட்டி, இது நிச்சயத் தட்டு."

எடுத்துவிட்டேன். பல்லால் கடித்துப் பிழிந்தேன். நால்வரும் கைக்குட்டையை உற்றுப் பார்த்தோம். ஆட்டோக்காரர் ஒருவரும் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

நேற்று நான் சொன்ன நோய் சரி. காட்டிய ரத்தம்தான் வேறொருவருடையது.

மீண்டும் அடியில் புகுந்து போன் வெளிச்சத்தில் தேடினேன். கூலன்ட் மாற்றியவர்கள் குழாயை இறுக்கும் கிளிப்பைச் சரியான இடத்தில் பொருத்தாமல் விட்டிருக்கிறார்கள். இன்ஜின் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறும்போதெல்லாம் அந்த இடுக்கில் ஒழுகியிருக்கிறது. ஆட்டோக்காரரிடம் குறடு வாங்கிக் கிளிப்பை இடத்துக்குத் தள்ளினேன். குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றிவிட்டுக் கிளப்பினேன். விளக்கு எரியவில்லை.

பெண் வீட்டு வாசலை அடைந்தபோது ராகுகாலம் தொடங்கிவிட்டது. அது முடியும்வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். "அந்தக் கிளிப்பு என்னத்துக்கு?" என்று பெரியப்பா மெதுவாகக் கேட்டார். சொன்னேன். "அப்ப அந்த மூடிய நான் தொறந்திருந்தா?" என்றார். அதையும் சொன்னேன். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே, கிரீஸ் அப்பிய என் புடவையைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்த பெண்ணின் அம்மா, தட்டை வாங்கி எண்ணிவிட்டு, பழம் ஒன்று குறைகிறதே என்று தயங்கினார்.

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது லேப் டெஸ்டுக்குப் போயிருக்கு. எங்க இன்ஜினியர் எடுத்துக்கிட்டா."

இன்றும் எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும், அப்பாவின் கண்ணாடி உட்பட, லேப் டெஸ்டுக்குப் போயிருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள்.

என் சாவியைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. மாறாக, போன வாரம் பெரியப்பா இன்னொரு சாவியை நீட்டினார். கடை டெம்போவில் பிரேக் போட்டால் சத்தம் வருகிறதாம். ஞாயிறுதோறும் தேவ்நாரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் கையால் வேலை கற்றுக்கொள்வது அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றிவிட்டேன். போல்ட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றை மட்டும் தேடிக்கொண்டிருக்கிறேன்.