ஆண் பெற்றோர்

பத்திரிகையில் பிழை திருத்துகிறவனுக்கு ஒரு நோய் உண்டு. எழுத்து எதுவானாலும் வாசித்துவிடுவான். எழுதியிருப்பதற்கு மேல் யோசிக்கமாட்டான். யோசிப்பது ஆசிரியரின் வேலை. கொழும்பில் இந்த நோய்க்கு எனக்குச் சம்பளம் கிடைத்தது. மெல்பேர்ணில் கிடைத்தது வேறு.

மெல்பேர்ண் புறநகர் மல்கிரேவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஓர் அப்ரிகொட் மரம் நிற்கிறது. நட்டவள் என் மனைவி மாலினியின் தங்கை பவானி. பழமரங்களுக்குக் கலியாணம் பேசுவதுதான் அவளுடைய உத்தியோகம்; புதுப் பழ இனங்களை உருவாக்கும் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் வேலை. எங்கள் மரத்துப் பழம் தேன். ஆனால் சோகை பிடித்த வெளிறல். எங்கேயோ ஒரு தோட்டத்தில் இன்னொரு மரம் இருந்தது. பழம் சிறிது, புளிப்பு, ஆனால் பூசணிக்காய் நிறம். உடம்பு விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் சத்து அந்த நிறத்தில்தான் இருக்கிறதாம். இரண்டையும் சேர்த்தால் இனிப்பும் சத்தும் ஒரே பிள்ளையில் வரும் என்றாள் பவானி. (கலியாணத் தரகர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்.)

சில வருடங்களுக்கு முன் ஓர் ஓகஸ்ட்டில், இங்கே மரங்கள் அரும்பும் காலத்தில், எங்கள் மரத்தின் அரும்புகளை இடுக்கியால் பிரித்து, அவற்றின் சொந்த மகரந்தப்பைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, மரத்தை வலையால் மூடினாள். மாப்பிள்ளை மரத்தின் மகரந்தத்தை உலர்த்தி, சிறு போத்தலில் போட்டு எங்கள் பிரிட்ஜ் கதவில் வைத்தாள். அந்த மரத்தில் பூ முடிந்துவிட்டது. இனி அடுத்த வருடம்தான்.

"இந்த முறை சரிவரேல்லை எண்டால் திட்டத்தையே மூடிப்போடுவினம் அக்கா. என்ரை வேலையும் போயிடும்," என்று அவள் மாலினியிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். வடை தின்றுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் புறப்பட்டேன். எங்கள் வீட்டில் சந்தனத்தூளும் பிரிட்ஜ் கதவில்தான் இருக்கும். மகள் ஆரணி அதை முகப்பூச்சுக்கு அள்ளி முடிக்கிறாள் என்று முந்தின வாரம்தான் சண்டை பிடித்திருந்தேன். கதவைத் திறந்தால், மஞ்சள் நிறத் தூளோடு ஒரு புதுப் போத்தல். ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தது: "ஆண் பெற்றோர். வேறு எவரும் தொடக்கூடாது."

அந்த வீட்டில் ஆண் பெற்றோர் நான் ஒருவன்தான். என் முறைப்பாட்டுக்கு இவ்வளவு விரைவாக நடவடிக்கை எடுத்த மாலினியை நினைத்து நெஞ்சு நெகிழ்ந்தது.

குழைக்கப் பொறுமையில்லை. மூன்று விரலால் தொட்டு, திருநீறு போல நெற்றி நிறையப் பூசினேன். (என் நெற்றி எங்கே முடிகிறது என்பது நீண்டகாலச் சர்ச்சை. பிடரியில் என்பது ஆரணியின் கட்சி.) மிச்சத்தைப் பன்னீரில் குழைத்துச் சாமித்தட்டுப் பிள்ளையாருக்கு வைத்தேன். மணமே இல்லை. அவுஸ்திரேலியச் சந்தனம் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன்.

நான் சப்பாத்து மாட்டும்போது பவானி தூரிகையோடு வந்தாள்.

"அத்தான், பிரிட்ஜிலை இருந்த போத்தல் எங்கை?"

"எது, என்ரை சந்தனமோ?"

அவள் என் நெற்றியைப் பார்த்தாள். பிள்ளையாரைப் பார்த்தாள். பிறகு கதிரையில் இருந்துவிட்டாள்.

"அது சந்தனமில்லை அத்தான். மாப்பிள்ளை."

"ஆண் பெற்றோர் எண்டு போட்டிருந்ததே."

"மரத்துக்கு, அத்தான். மரத்துக்கு."

மாலினி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, உங்களை ஆர் பேப்பர்க் கந்தோரிலை வேலைக்கு வைச்சது?"

பவானி அழுதுவிடுவாள் என்று பயந்தேன். அவள் எழுந்து வந்து என் நெற்றியைக் கிட்ட நின்று ஆராய்ந்தாள்.

"ஈரம் பட்டால் செத்துப்போயிடும். பிள்ளையாரிலை இருக்கிறது சரிவராது. இனி உங்கடை நெத்தியிலை இருக்கிறதுதான். வேர்க்காதேங்கோ."

வேர்க்காதே என்று ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள்; அந்தக் கணமே வேர்க்கும். விசிறியைப் போடச் சொன்னேன். பறந்துவிடும் என்றாள். கையைப் பிடித்துக் கண் தெரியாதவரைப் போல மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். வலையை விலக்கி, தூரிகையால் என் நெற்றியைத் தொட்டுப் பூவைத் தொட்டாள். நெற்றி, பூ, நெற்றி, பூ.

"புருவத்தை அசைக்காதேங்கோ."

"தும்மல் வருது பவானி."

"தும்மினியள் எண்டால் நாளையிலயிருந்து எனக்கும் இஞ்சைதான் சாப்பாடு."

மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவர் வேலிக்கு மேலால் பார்த்தார். பட்டு வேட்டியோடு மரத்தடியில் மூக்கைப் பிடித்தபடி ஒரு மனிதன். அவன் நெற்றியில் ஒரு பெண் தூரிகை போடுகிறாள். "உங்கள் சமயச் சடங்கா?" என்று மரியாதையாகக் கேட்டார். ஓம் என்று தலையாட்டப் போனேன்.

"தலையை ஆட்டாதேங்கோ."

கிழவர் தொப்பியைக் கழற்றி, முடியும்வரை அப்படியே நின்றார்.

காய் பிடித்தது. திட்டத்தை மூடவில்லை. கொட்டைகள் முளைத்து, கன்றுகள் மரமாகி, போன கோடையில் முதல் பழங்கள் வந்தன. இனிப்பு எங்கள் மரத்துடையது, நிறம் பூசணிக்காய். பவானி ஒரு பெட்டி கொண்டுவந்தாள். அதில் ஒரு மரத்துப் பழங்கள் மட்டும் வித்தியாசமாக இருந்தன. அப்ரிகொட்டுக்கு மேலே மெல்லிய பூமயிர் இருக்கும். இவற்றில் ஒரு மயிர் இல்லை, வழுவழுவென்று மின்னின. இரண்டு மரத்திலும் மறைந்திருந்த குணம் பிள்ளையில் வெளிப்பட்டிருக்கிறது என்று பவானி விஞ்ஞானம் விளக்கினாள். யாரும் கேட்கவில்லை. ஆரணி ஒரு பழத்தை எடுத்து என் தலைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"உரிச்சு வைச்ச மாதிரி," என்றாள் மாலினி.

இப்போது யாராவது எங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் பதில் சொல்ல என்னை விடுவதில்லை.

"எனக்கு ஒண்டு," என்பாள் மாலினி. "அவருக்கு வெளியிலையும் இருக்கு."