கீச்சென்று ஒலித்த தட்டுகள்

இனி இந்த வீட்டில் ஒரு தட்டைக்கூடக் கழுவுவதில்லை என்று ஞாயிறு மத்தியானம் பிரகடனம் செய்தேன். ரோமாபுரி அடிமைகள் வெறும் வயிற்றோடு கிளர்ச்சி செய்து தோற்றார்கள். நான் மாட்டிறைச்சி வறுவலையும் ஆப்பிள் பை என்ற இனிப்பையும் முடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

"ஏன் லெஸ்டர், கையில புண்ணா?" என்றாள் என் மனைவி வெர்னா.

"கொள்கை!"

"ஆற எத்தனை நாளாகும்?"

"ஆறாது! சிகாகோ வானொலி நாடகத்துல இடிச் சத்தம், மழைச் சத்தம், குதிரைக் குளம்புச் சத்தம் எல்லாம் எழுப்புறது இந்தக் கைதான். இதுக்கு இனிமே சோப்பு நுரை கிடையாது."

"சரிங்க."

அந்தச் 'சரிங்க'வைச் சரணாகதி என்று நான் உரை எழுதிக்கொண்டேன்.

தொட்டியில் தட்டுகள் வளர்ந்தன. புதன்கிழமைக்குள் பைசா கோபுரத்தின் சாய்வு வந்துவிட்டது. வெர்னா அதைச் சுற்றி நடந்தாள். நான் செய்தித்தாள் படித்தேன்.

"நாளைக்கு நம்ம நாடகத்துல புருஷன்காரன் தட்டு கழுவுறான்" என்றேன். "நிலையத்துத் தகரத் தட்டு சரியா ஒலிக்கல. நம்ம பீங்கான் தட்டு வேணும்."

"தேய்ச்சா கீச்சுன்னு கேக்கணுமே?"

"பின்னே? நாடகத்துக்குக் காசு போடுற சோப்புத்தூள்காரனோட பெருமையே அந்தக் கீச்சுதான். அது கேக்கலன்னா எனக்கு வேலை போச்சு."

"கூடையில அடுக்கித் தரேங்க."

எதிரியே ஆயுதம் கட்டித் தருகிறாள்! மறுநாள் நிலையத்தில் நடிகர்களுக்கெல்லாம் என் வெற்றியை விவரித்தேன். கூடையைப் பிரிக்கத்தான் நேரமில்லை.

எங்கள் நாடகம் நேரடி ஒலிபரப்பு; தும்மினால் தேசம் கேட்கும். சிவப்பு விளக்கு எரிந்தது. கூடையின் துணியை அவிழ்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வறுவல் என்னை நிமிர்ந்து பார்த்தது. அதற்குக் கீழே திங்கள், செவ்வாய், புதன்.

"அடியே, இந்தத் தட்டைக் கேளு!" என்றான் நடிகன் ஒலிவாங்கியில்.

விரலால் தேய்த்தேன். காய்ந்த குழம்பு கீச்சிடுமா? கண்ணாடிக்குப் பின்னால் சோப்புத்தூள்காரர் முகம் கறுத்தது. இயக்குநர் தன் கழுத்தை விரலால் அறுத்துக் காட்டினார். காட்சிக்காக வைத்திருந்த வாளித் தண்ணீரில் கையை விட்டேன். சுரண்டினேன், தேய்த்தேன், அலசினேன். கீச்! "இதையும் கேளு!" என்றான் பாவி. கீச்! அவன் மனைவியாக நடித்தவள் வசனத்தை மறந்து சிரித்தாள். நான் நிறுத்தவில்லை. கலைஞன் பாதியில் நிறுத்துவதில்லை.

"பிரமாதம்யா!" என்று இயக்குநர் கட்டிக்கொண்டார். "சோப்புத்தூள்காரருக்குக் கண்ணே கலங்கிடுச்சு. இனி வாராவாரம் இந்தக் காட்சி உண்டு!"

வீட்டில் வெர்னா வானொலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம் கேட்டேங்க. குழம்புக் கிண்ணம் மட்டும் கீச்சிடலையே?"

"அது... நேரம் போதல."

"பரவாயில்ல, அடுத்த வாரம் வாணலியோட சேர்த்து அனுப்புறேன்."

ஆனாலும் என் பிரகடனத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அன்று முதல் இன்றுவரை என் வீட்டில் நான் ஒரு தட்டைக்கூடக் கழுவியதில்லை. எல்லாம் வானொலி நிலையத்தில்தான்.