ஆய்வேடு முடியுமட்டும் வருத்தம்

இந்த முறை எழுதியே தீருவதென்று நஸ்ரி மாஸ்டர் முடிவெடுத்துவிட்டார். கதிரையை இழுத்துப்போட்டு, பிஸ்மி சொல்லி, மடிக்கணினியில் ஒரு வரி அடித்தார். பிறகு எழும்பிப்போய் ஃபேனைத் துடைத்தார்.

அவருடைய கல்வி முதுமாணிப் பட்ட ஆய்வின் தலைப்பு, 'மாணவர் ஒப்படைகளை உரிய காலத்தில் கையளிக்காமைக்கான காரணங்கள்'. காரணங்கள் எல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. எழுத இருந்தால்தான் மனுசனுக்கு இருப்புக்கொள்ளாது. மீன் வாங்கப் போகவேண்டும் போலிருக்கும். ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் நின்று துறைமுகத்துக்குள் வருகிற கப்பலுக்கு வழிசொல்லவேண்டும் போலிருக்கும். சாப்பாட்டு மேசையைப் புத்தகங்கள் பிடித்துக்கொண்டதால், அவரும் மனைவி ஹுஸ்னியாவும் குசினியில் பாய் போட்டுத்தான் சாப்பிட்டார்கள்.

கடைசித் திகதி நெருங்கியது. ஆய்வேடு கொடுக்காவிட்டால் பதிவு போய்விடும். பதிவு போனால் பள்ளிக்கூட அதிபர் கதிரை கனவோடு சரி. மாஸ்டர் வெளியே போய், குரலைத் தாழ்த்தி, மேற்பார்வையாளர் பேராசிரியர் பிரகலாதனுக்கு ஃபோன் எடுத்தார்.

"சேர், வைஃபுக்குக் கடும் வருத்தம். எழும்பேலாமக் கிடக்கிறா. சமையல், கூட்டுறது எல்லாம் நான்தான்."

"ஐயோ பாவம்! சரி, கொஞ்சம் தவணை வாங்கித்தாறன். அதுக்கு மேல ஏலாது, மாஸ்டர்."

மாஸ்டர் உள்ளே வந்து, ஹுஸ்னியா போட்டுக்கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

நம்மூரில் வருத்தம் என்று கேள்விப்பட்டால் பார்க்க வராமல் இருப்பார்களா? பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற மனுசன் இதை மறந்துபோனாரே! மறுநாள் பின்னேரம் வாசலில் கார் நின்றது. பேராசிரியரும் மனைவி கௌசிகாவும் தோடம்பழப் பையோடு இறங்கினார்கள். ஹுஸ்னியா அப்போது ஸ்டூலில் ஏறி நின்று ஒட்டறை அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஹுஸ்னி! இறங்கு, படு!"

"என்னத்துக்கு?"

"உனக்கு வருத்தம்!"

"எனக்கா? எப்ப தொடக்கம்?"

"நேத்துத் தொடக்கம். எழும்பேலாது. தவணை கேக்க அப்பிடிச் சொல்லிட்டன். அல்லாஹ்வுக்காகப் படு!"

ஹுஸ்னியா அவரை மேலும் கீழும் ஒருதரம் பார்த்தாள். அறைக்குள் போய்ப் போர்வையை இழுத்துவிட்டு முனகினாள் பாருங்கள், மாஸ்டரே ஒரு கணம் பயந்துபோனார்.

"என்னம்மா செய்யுது?" என்று கௌசிகா கட்டிலில் அமர்ந்து கையைப் பிடித்தார்.

"உடம்பு எப்படியும் போகட்டும் மிஸ். என்னால இவர்ட படிப்பு நிக்குதே, அத நினைச்சாத்தான் நெஞ்சு அடைக்குது."

பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. "கவலைப்படாதீங்க. நான் ஒவ்வொரு வெள்ளியும் வாறன். உங்களையும் பார்த்தமாதிரி, அத்தியாயத்தையும் பார்த்தமாதிரி."

கார் போனதும் மாஸ்டர் சிரித்துக்கொண்டு வந்தார். "நல்லா நடிச்சாய். எழும்பு, பசிக்குது."

"எழும்பேலாதெண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"அவங்க போயிட்டாங்க, புள்ள!"

"கௌசிகா மிஸ் சந்தைக்குப் போற வழியில எப்பவும் எட்டிப்பாப்பாவாம். நான் குசினியில நிண்டா உங்கட மானம் என்னாகிற? போங்க, அரிசியக் களைஞ்சி போடுங்க. தண்ணி கூடிராம!"

அன்றைக்குப் பிடித்தது சனியன். பக்கத்து வீட்டு சுஹைரா வந்தாள். அவள் சொல்லி ஒழுங்கைச் சனமெல்லாம் வந்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் மாஸ்டர் தேத்தண்ணி ஊற்றினார். தேங்காய் துருவினார், மீன் வெட்டினார், உடுப்புத் துவைத்தார். கட்டிலில் ஹுஸ்னியா தோடம்பழம் உரித்துக்கொண்டு, நாளுக்கு நாள் மினுங்கினாள்.

ஆனால் ஒரு விசயத்தை மாஸ்டர் கண்டுபிடித்தார். மடிக்கணினியில் விரல் தட்டுகிற சத்தம் கேட்கும்வரை அறைக்குள்ளிருந்து ஒரு கட்டளையும் வராது. சத்தம் நின்றால் போதும்.

"இஞ்ச பாருங்க, அந்தச் சட்டிய இன்னும் கழுவல்லயா?"

"எழுதுறன், எழுதுறன்!"

அடேயப்பா, அதன் பிறகு எழுதினார் பாருங்கள்! கூட்டுமாற்றுக்குப் பயந்து இரண்டாம் அத்தியாயம் எழுதினார். கறிச்சட்டிக்குப் பயந்து மூன்றாவதை முடித்தார். மீன் செதில் ஒட்டிய விரலாலேயே முடிவுரையும் தட்டினார். துறைமுகத்துக்குக் கப்பல் வந்ததோ போனதோ, அவருக்குத் தெரியாது. கதிரையை விட்டு எழும்பினால்தானே தெரியும்!

ஆய்வேடு உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. வாய்மொழிப் பரீட்சையிலும் சித்தியடைந்துவிட்டார். மாஸ்டருக்குப் பட்டத்தை விட மற்ற விசயம்தான் பெரிய சந்தோசம். ஹுஸ்னியாவுக்கு இன்றோடு சுகம். நாளைக்குக் காலையில் அவள் கையால் இடியப்பம், சொதி. நினைக்கவே நாக்கு ஊறியது.

பரீட்சை மண்டப வாசலில் பேராசிரியர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அருமையான ஆய்வு, மாஸ்டர்! காலையில சுகம் கேக்க உங்கட வீட்டுக்கு ஃபோன் எடுத்தனான். நீங்கள் கலாநிதிப் பட்டத்துக்கும் படிக்கப் போறீங்களாமே?"

"ஆர் சொன்னது, சேர்?"

"உங்கட மனைவிதான். அஞ்சு வருசம் எடுக்குமே அம்மா எண்டன். என்ன பொறுமையான பிள்ளை! 'பரவாயில்ல சேர், அவர் முடிக்குமட்டும் நான் படுத்துக்கிடப்பன்' எண்டு சொல்றா!"