ஒத்தக்கண்ணர் வரைந்த கை

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒத்தக்கண்ணரைப் போல வேலை தேடி அலைந்தவரும் கிடையாது. கிடைத்த வேலையை அவரைப் போல ஒரே நாளில் தொலைத்தவரும் கிடையாது. மூன்று வருஷம் அவரோடு ஒரே அறையில் குடியிருந்தவன் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

அவருக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. லண்டனிலிருந்து தபாலில் சித்திரப் பாடம் படித்துக்கொண்டிருந்தார். எதிரில் யார் வந்தாலும் பென்சில் பிடித்த கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முகத்தை அளப்பார். பாசாரில் மீன் வாங்க வந்த ஒரு பெண்மணியை அப்படி அளந்தபோது அவள் புருஷன் பக்கத்திலேயே நின்றிருந்தான். அதன்பின் ஒரு வாரம் அவருக்கு ஒரு கண் தானாகவே மூடியிருந்தது. பெயரும் அப்போது வந்ததுதான்.

தபாலில் வந்த பாடம் இரண்டு கட்டளைகள் போட்டிருந்தது. மாதம் பத்துப் புது மனிதர்களை அறிமுகம் செய்துகொள், வேலை அவர்கள் வழியாக வரும் என்பது ஒன்று. கண்ணால் காணாததை வரையாதே என்பது மற்றொன்று. முதல் கட்டளை வாங்கிக் கொடுத்த வேலையை இரண்டாவது கட்டளை பிடுங்கிக்கொள்ளும்.

கூந்தல் தைலம் விற்ற முதலாளி ஒருவர், புட்டியில் ஒட்டத் தம்முடைய படமே வேண்டும் என்றார். அவருக்குத் தலையில் முடி கிடையாது. படத்திலும் கிடையாது. கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர், விளம்பரத்துக்குக் கடையை வரையச் சொன்னார். ஒழுகுகிற கூரையிலிருந்து பட்டுச் சேலைமேல் தூங்கும் பூனைவரை இவர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"தம்பி, கடைய கொஞ்சம் பெரிசா போடக் கூடாதா?"

"பெரிசா கட்டுங்க பாய். வந்து போட்டுத் தரேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "பிழைக்கத் தெரியாத ஆளுய்யா நீ."

"பாடத்துல அப்படித்தாண்ணே சொல்லியிருக்கு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராசப்பன் வந்தான். கிள்ளானில் ஒரு ரப்பர் கிடங்கில் ஜாகா, அதாவது காவல்காரன். இவர் அறிமுகம் பிடித்த மனிதர்களில் அவனும் ஒருவன். முன்பு ரயில் பெட்டிகளைக் கோக்கும் வேலையில் இருந்து, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே வலது கையை மணிக்கட்டோடு பறிகொடுத்தவன். கடலுக்கு அப்பால் ஊரிலிருந்த தாயாருக்கு அதை அவன் தெரிவிக்கவேயில்லை. கப்பலேறித் திரும்பிய எவனோ போய்ச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவள் சோற்றைத் தொடுவதில்லை; ஒரு வேளைக் கஞ்சியோடு சரி. கை பத்திரமாக இருக்கிறது என்று இவன் ஆள் பிடித்து எழுதியும் நம்பவில்லை. கடிதத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம், பிள்ளையையும் அவன் கையையும் படத்தில் பார்த்தால்தான் சாப்பிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"போட்டோ புடிச்சா உள்ளது தெரிஞ்சிருங்க," என்றான் ராசப்பன். "நீங்கதான் ரெண்டு கையும் வச்சு வரைஞ்சு குடுக்கணும். இல்லேன்னா எங்காத்தா செத்துரும்."

ஒத்தக்கண்ணரின் முகம் செத்துப்போயிற்று. "இல்லாத கைய எப்படிப்பா போடுறது? நான் அதப் பாத்ததே இல்லியே."

"நா பாத்திருக்கேங்க," என்றான் அவன்.

 எனக்கு வந்த கோபத்துக்கு அந்த லண்டன் பாடத்தை அடுப்பில் போட்டிருப்பேன். அவர் எழுந்து போய் வாசலில் நின்றார். எதிரே ரயில் குடியிருப்பைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

"அண்ணே, உங்க வலது கையக் கொஞ்சம் குடுங்க."

என்னை ராசப்பனை ஒட்டி உட்கார வைத்து, என் கையை எடுத்து அவன் மடியில் வைத்தார். மதியம்வரை அப்படியே இருந்தேன். கை மரத்துப்போயிற்று. கொசு கடித்தது; அசையாதே என்றார். படம் முடிந்தபோது ராசப்பன் அதில் முழு மனிதனாக உட்கார்ந்திருந்தான். இடது கை விரலால் அந்த வலது கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அவன் அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ராசப்பனுக்குப் படிக்கத் தெரியாது.

"கிராணி ஐயா, என்ன எழுதியிருக்குன்னு பாருங்க," என்று என்னிடம் நீட்டினான். ரயில் ஆபீசில் எழுத்து வேலை பார்த்ததால் நான் அவனுக்குக் கிராணி. தாயார் யாரையோ பிடித்து எழுத வைத்திருந்தாள்.

"படம் வந்தது. உன் கையைக் கண்டேன். முன்னே இருந்த காய்ப்பு ஒன்றையும் காணோம். மெத்தென்று இருக்கிறது. கஷ்டமான வேலை எதுவும் கொடுக்காமல் மாரியாத்தா உன்னை வைத்திருக்கிறாள். அது போதும். நான் சாப்பிடுகிறேன்."

பேனாவுக்குமேல் கனமான எதையும் தூக்கியறியாத கை என்னுடையது. இன்னொரு முறை படிக்கச் சொன்னான். படித்தேன். ராசப்பன் என் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டான்.

ஒத்தக்கண்ணர் மட்டும் மூலையில் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். அவன் போனதும் என்னிடம் வந்தார்.

"காய்ப்பு இருந்திருக்கும்னு எனக்குத் தோணவே இல்லியேண்ணே. அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

"நல்லவேளை, நீ கேக்கல," என்றேன்.

மதியச் சாப்பாட்டில் என் பங்கு வறுத்த மீனையும் எடுத்து அவர் தட்டில் வைத்தேன். என்ன விசேஷம் என்று புரியாமல் விழித்தார். அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த பிரியத்தை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.