லத்தீன் அண்ணாச்சியும் சுவரில் மாட்டிய வார்த்தையும்

தூத்துக்குடியில் லாரி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு நாலு லத்தீன் வார்த்தையாவது தெரியும். அதற்கு முழுப் பொறுப்பும் எங்கள் கப்பல் ஏஜென்சி ஆபீசில் என்னோடு வேலை பார்த்த ஒரே ஒரு மனிதருடையது.

எங்களுக்கு அவர் லத்தீன் அண்ணாச்சி. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். புன்னைக்காயல்காரர். சர்ச்சில் சாமியாராக ஆசைப்பட்டுக் குருமடத்தில் சேர்ந்து, சாமியார் ஆகாமல் லத்தீனோடு மட்டும் திரும்பி வந்தவர். சரக்கு ஏற்றிய கன்டெய்னரோடு லாரியில் உட்கார்ந்து துறைமுகம் வரை வந்து சேர்வது அவர் வேலை. டிரைவருக்குத் தப்பிக்க வழியே இல்லை.

தேர்தல் சமயம். வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் ஆபீசுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார். அண்ணாச்சி மலர்ந்த முகத்தோடு, "கேண்டிடேட்டுன்னா லத்தீன்ல வெள்ளை உடுத்தவர்னு அர்த்தம். அதுவரைக்கும் நீங்க பாஸு" என்றார். வந்தவர் கும்பிட்ட கையை இறக்காமலே போய்விட்டார்.

அப்புறம்தான் முதலாளி ஆபீஸ் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வார்த்தையை மாட்டினார். 'இன்டெக்ரிட்டி.' அண்ணாச்சி அன்று மதியச் சாப்பாட்டையே மறந்தார்.

"நேர்மைதானே அண்ணாச்சி?" என்றார் மேனேஜர்.

"அது பாதி அர்த்தம் சார். 'இன்'னா இல்லை. 'தாங்கெரே'ன்னா தொடுறது. யாரும் தொடாதது, பங்கப்படாதது, முழுசு. கணக்குல இன்டிஜர்னு படிச்சோம்லா? அதேதான். பாதி உண்மைய மட்டும் சொல்லுதவனும் தன்னை நேர்மைன்னுதான சொல்லிக்கிடுதான்!"

மறுநாள் முந்திரி ஏற்றிய கன்டெய்னரோடு வரும்போது டிரைவர் சுடலை ரோட்டோர டீக்கடையில் வண்டியை நிறுத்தினான். நல்ல பையன். மனைவிக்கு நிறைமாதம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஆபீஸ்ல ஏதோ போர்டு வச்சிருக்காவளாமே, என்ன அண்ணாச்சி அது?" என்று கேட்டுவிட்டான்.

டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. அண்ணாச்சி அப்போதும் 'இன்'னில்தான் இருந்தார். எல்லாம் முடிந்து திரும்பி வந்தால், கன்டெய்னர் கதவில் சீல் உடைந்து கிடக்கிறது.

உள்ளே எதுவும் குறையவில்லை. ஆனால் சீல் உடைந்தால் பெட்டி பெட்டியாக இறக்கிச் சோதித்த பிறகுதான் சரக்கு ஏறும். அதுவரை கப்பல் காத்திருக்குமா? போய்விட்டது.

முதலாளி குதித்தார். சுடலைக்கு வேலை இல்லை என்றார். சுடலை வாசலில் தலைகுனிந்து நின்றான். தன்னை உட்கார வைத்தது யார் என்று அவன் மூச்சுவிடவில்லை. மேனேஜர் அண்ணாச்சியை ஓரங்கட்டி, "வண்டிய விட்டு எறங்கினது டிரைவர். நீங்க பேசாம இருங்க. ரிட்டயர்மென்டு பக்கத்துல வந்தாச்சு" என்றார்.

அண்ணாச்சி நேரே முதலாளி அறைக்குள் போனார். கதவு திறந்தே கிடந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"சீல் உடைஞ்சது வாஸ்தவம். சுடலை எறங்கினதும் வாஸ்தவம். ஆனா போவோம் போவோம்னு அவன் எந்திச்சுக்கிட்டேதான் இருந்தான். கையப் பிடிச்சு உக்கார வச்சவன் நான். அதையும் சொல்லணும்லா, மொதலாளி?"

"அப்படி என்னத்த வே பேசிக்கிட்டு இருந்தீரு?"

"நீங்க சுவத்துல மாட்டியிருக்கியளே, அதுக்கு அர்த்தம்."

சிரிப்பை அடக்க நான் மேஜைக்கு அடியில் விழுந்த பேனாவைத் தேடினேன். பேனா எதுவும் விழுந்திருக்கவில்லை. முதலாளி சுடலையை வேலையில் வைத்துக்கொண்டார். அண்ணாச்சியை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பு அத்தோடு போயிற்று.

சாயங்காலம் அவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். சுடலை விடவில்லை. "ஏறுங்க அண்ணாச்சி, வீட்ல விடுதேன்" என்று வெறும் லாரியில் ஏற்றிக்கொண்டான். கலங்கிய கண்ணோடு நாங்கள் கேட்டில் நின்று பார்த்தோம். அண்ணாச்சி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கையை ஆட்டி ஆட்டிச் சுடலைக்கு என்னவோ விளக்கிக்கொண்டே போனார். என்ன வார்த்தையோ! அந்த லாரியில் நானும் ஏறியிருக்கலாம்.